செய்த பொருள் எந்தக் கதவைத் திறக்கிறது? கிராஃப்டிங் பிடிக்காதவர்களுக்கும் சில கிராஃப்டிங் கேம்கள் பிடிப்பது ஏன்

1 | 8.3.2025, காலை 9.40

ஓப்பன் வேர்ல்டு கிராஃப்டிங் கேம்னாலே (பெரிய உலகத்துல சுத்தி, பொருள் பொறுக்கி, கருவி செய்யுற வகை) எனக்கு ஒத்துக்காது. மரம் வெட்டு, கல்லைப் பொறுக்கு, பெட்டியில போடு, மறுபடி மரம் வெட்டு. எதுக்குன்னு கேட்டா பெரிய கோடரி கிடைக்கும், பெரிய கோடரி இருந்தா இன்னும் பெரிய மரம் வெட்டலாம். அவ்வளவுதான். கடலுக்கடியில நடக்குற சப்நாட்டிகா மட்டும் பிடிச்சிருக்கு. அதுலயும் அதே பொறுக்கல்தான், அதே பசி தாகம்தான். இது மட்டும் ஏன் உள்ள இழுக்குது? இதே குணம் வேற எதுலயாவது இருக்கா?

2 | 8.3.2025, காலை 10.15

பசிதான் காரணம் என்று நினைக்கிறேன். டோன்ட் ஸ்டார்வ் என்ற கேமில் ஒரு நாள் என்பது 8 நிமிடம். அதன் நாயகன் வில்சனின் வயிறு 150, ஒரு நாளைக்கு 75 இறங்கும். ஆக 16 நிமிடத்தில் நிறைந்த வயிறு காலி. எங்கே நின்றாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும் அது இறங்கிக்கொண்டே இருக்கும். சப்நாட்டிகாவில் பசி அவ்வளவு விரட்டாது. அதுவும் வேண்டாம் என்றால் புது சேவ் தொடங்கும்போது ஃப்ரீடம் மோடைத் தேர்ந்தெடுக்கலாம், பசியும் தாகமும் இருக்கவே இருக்காது.

3 | 8.3.2025, காலை 10.32

நான் ஆடுறது சர்வைவல் மோடுதாங்க. பசி இருக்கு. இருந்தும் பிடிக்குது.

4 | 8.3.2025, பகல் 1.05

அப்படியானால் 2-இல் சொன்னது சரியில்லை. திரும்ப யோசித்துப் பார்த்ததில், கவனிக்க வேண்டியது ஆக்சிஜன் மீட்டர்.

தொட்டி எதுவும் இல்லாமல் 45 விநாடி மூச்சு. 3 டைட்டேனியத்தில் செய்யும் சாதாரணத் தொட்டி மாட்டினால் 75. அந்தத் தொட்டியோடு 2 கண்ணாடி, 4 டைட்டேனியம், 1 வெள்ளித் தாது சேர்த்துப் பெரிய தொட்டியாக்கினால் 135. இந்த எண்களை நேரமாகப் பார்க்காமல் கயிற்றின் நீளமாகப் பாருங்கள். மேற்பரப்பில் கட்டிய கயிறு அது. 45-இல் பவளத் திட்டு மட்டும்தான் எட்டும். 75-இல் கெல்ப் காட்டின் தரை வரை போய் நிதானமாகப் பொறுக்கலாம். 135-இல் உடைந்த கப்பல் துண்டுகளுக்குள் நுழைந்து, ஒரு கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வழி மறந்தாலும் தேடி வெளியே வந்துவிடலாம்.

பசி மீட்டர் எங்கே நின்றாலும் ஒரே வேகத்தில் இறங்கும், இடத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. ஆக்சிஜன் மீட்டர் இடத்தோடு பிணைந்தது. கீழே போனால்தான் அது எதிரி, மேலே வந்த நொடியில் முழுதாகிவிடும். அதனால் தொட்டி செய்யும்போது ஓர் எண்ணைக் கூட்டுகிறோம் என்று தோன்றாது. நேற்று மேலிருந்து எட்டிப் பார்த்த அந்த இருட்டுக்குள் இன்று போகப் போகிறோம் என்றுதான் தோன்றும்.

100 மீட்டருக்குக் கீழே இன்னொரு கணக்கு வரும். ரீப்ரீதர் என்ற மூச்சுக் கருவி இல்லாமல் போனால் ஆக்சிஜன் வழக்கத்தைவிட வேகமாகத் தீரும். பெரிய தொட்டி இருக்கிறதே என்று நம்பி இறங்குபவர்கள் பாதி வழியில் மாட்டுவது இதனால்தான். ரீப்ரீதருக்கு 1 ஃபைபர் மெஷ், 1 வயரிங் கிட். வயரிங் கிட்டுக்கு 2 வெள்ளித் தாது. முதலில் கிடைக்கும் வெள்ளியை வேறெதற்கும் செலவழிக்காமல் பெரிய தொட்டிக்கு 1, இதற்கு 2 என்று ஒதுக்கிவைப்பது நல்லது.

5 | 8.3.2025, பகல் 2.20

கயிறு உவமை பிடிச்சது. ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க, அந்தக் கேம்ல ஆயுத ஏணி கிடையாது. கொல்ற துப்பாக்கி எதையும் வைக்கிறதில்லன்னு இயக்குநர் சார்லி கிளீவ்லண்ட் முடிவெடுத்தாரு. 2012 சாண்டி ஹுக் பள்ளித் துப்பாக்கிச் சூடு அதுக்கு ஒரு காரணம்னு அவரே சொல்லியிருக்கார். அதனால என்ன ஆச்சுன்னா, செய்யுற பொருள் எல்லாமே பயணத்துக்கும் பார்வைக்கும் மூச்சுக்கும்தான். மத்த கேம்கள்ல இரும்பு வாளுக்கு அப்புறம் வெள்ளி வாள்னு போகும், எதிரிக்கும் அதே அளவு ரத்தம் கூடும், கடைசியில நின்ன இடத்துலயே நிக்கறோம்.

6 | 8.3.2025, மாலை 6.50

5 சொல்வது முக்கியமானது. இழையைத் தொடங்கியவர் கேட்ட கேள்வியை இப்படி மாற்றிக் கேட்கலாம்: நான் செய்த பொருள் எந்தக் கதவைத் திறக்கிறது? இதற்குப் பதில் இருக்கிற கேம், கிராஃப்டிங் பிடிக்காதவர்களுக்கும் பிடிக்கும். பெரும்பாலும்.

சீமாத் என்ற சிறிய நீர்மூழ்கி வண்டி இதற்கு நல்ல உதாரணம். பட்டியலாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: 1 டைட்டேனியம் இங்காட் (உலோகக் கட்டி), 1 பவர் செல், 2 கண்ணாடி, 1 லூப்ரிகன்ட், 1 ஈயம். கடல் தரையில் பொறுக்க வேண்டியதாகப் பிரித்தால் அவ்வளவு இல்லை. இங்காட்டுக்கு 10 டைட்டேனியம். ஓர் உலோகக் கழிவுத் துண்டு 4 டைட்டேனியம் தரும், ஆகவே 3 துண்டு. பவர் செல் என்பது 2 பேட்டரியும் 1 சிலிக்கோன் ரப்பரும். பேட்டரி ஒன்றுக்கு 1 செம்புத் தாது, 2 ஆசிட் காளான், ஆக 2 செம்பு, 4 காளான். 2 கண்ணாடிக்கு 4 குவார்ட்ஸ். லூப்ரிகன்ட்டுக்கு 1 கெல்ப் விதைக்கொத்து, ரப்பருக்கு இன்னொன்று. ஈயம் 1. மொத்தமே 16 பொருள். 48 கட்டம் உள்ள பையில் எல்லாம் அடங்கும், ஒரே சுற்றில் முடித்துவிடலாம்.

இந்த 16 பொருளுக்குக் கிடைப்பது 200 மீட்டர் ஆழம் வரை மூச்சுக் கவலையே இல்லாத பயணம். உள்ளே உட்கார்ந்தால் ஆக்சிஜன் நிரம்பிக்கொள்ளும். 4-இல் சொன்ன கயிற்றின் முளையையே பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு போவது போல.

7 | 8.3.2025, இரவு 8.10

6-க்கு ஒரு திருத்தம். பொருள் மட்டும் சேர்த்தா சீமாத் வராது. முதல்ல அதோட உடைஞ்ச பாகம் 3 ஸ்கேன் பண்ணணும். அப்புறம் அதைக் கட்டுறதுக்கு மொபைல் வெஹிக்கிள் பே வேணும், அதுக்கும் 3 பாகம் ஸ்கேன், பிறகு இன்னொரு இங்காட், இன்னொரு லூப்ரிகன்ட், இன்னொரு பவர் செல். புதுசா ஆடுறவங்க தடுமாறுறது இங்கதான். பொருள் எல்லாம் பெட்டியில இருக்கு, ஆனா ரெசிபியே தெரியாது. அப்ப உடனே விக்கிக்கு ஓடாதீங்க. ஸ்கேனர் 1 பேட்டரி, 1 டைட்டேனியம்தான். அதைக் கையில பிடிச்சுக்கிட்டு வெளியே போங்க.

8 | 8.3.2025, இரவு 8.25

ஆமாம், பே-யை விட்டுவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் டைட்டேனியம் 20, அதாவது 5 கழிவுத் துண்டு. செம்பு 4, காளான் 8, குவார்ட்ஸ் 4, ஈயம் 1. விதைக்கொத்து 4 ஆகும் என்று தோன்றும், 3 போதும். ஒரு கொத்து 2 ரப்பர் தரும், அது இரண்டு பவர் செல்லுக்கும் சரியாகப் போய்விடும்.

9 | 9.3.2025, காலை 7.30

இப்ப புரியுது. பொறுக்குறது போரடிக்கல, காரணம் தெரியாம பொறுக்குறதுதான் போரடிச்சிருக்கு. சரி, அடுத்த கேள்வி. வால்ஹைமை எல்லாரும் சொல்றாங்க. அது காடு, மரம், கோடரி. நான் ஓடுற வகை. அதுல கதவு எங்க இருக்கு?

10 | 9.3.2025, காலை 11.00

வால்ஹைமில் கதவு பாஸ்களின் (ஒவ்வொரு பகுதியின் பெரிய எதிரிகளின்) கையில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 2 அன்று ஏர்லி ஆக்சஸில் (முழுதாக முடியும் முன்பே) வந்தபோதே இந்த வரிசை இருந்தது.

புல்வெளியில் கல்லும் மரமும் மட்டும்தான் எடுக்க முடியும், உலோகத்தைத் தொட முடியாது. 2 மான் தலைக் கோப்பைகளைப் பலிபீடத்தில் வைத்து ஐக்தைரை வரவழைத்து வீழ்த்தினால் கொம்பு கிடைக்கும். அந்தக் கொம்பு 1, மரம் 10 சேர்த்தால் பாறையை உடைக்கும் பிக்காக்ஸ். அது கைக்கு வந்த பிறகுதான் கறுப்புக் காட்டில் செம்பும் தகரமும் திறக்கும். அடுத்து எல்டர். 3 பழங்கால விதை வைத்து அழைக்க வேண்டும். அவன் விட்டுச் செல்வது நிஜமாகவே ஒரு சாவி, சதுப்பு நிலத்தின் கல்லறைக் கதவுகளைத் திறக்க. இரும்பு அந்தக் கல்லறைகளுக்குள் இருக்கிறது. அடுத்து போன்மாஸ். அவன் தரும் எலும்பை மாட்டிக்கொண்டு மலையில் நடந்தால், பனிக்கடியில் புதைந்த வெள்ளி எங்கே என்று காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு பாஸும் அடுத்த பயோமின் (நிலப்பகுதியின்) ஒரு பொருளைத் தொட உரிமை தருகிறான். கேள்வி கேட்டவருக்கு ஒத்துவரும் அமைப்பு இது.

பசி பற்றியும் சொல்ல வேண்டும். வால்ஹைமில் பட்டினியால் சாவு இல்லை. சாப்பிடாவிட்டால் உயிர் 25, ஸ்டமினா 50, அவ்வளவே. மூன்று வெவ்வேறு உணவு வரை ஒரே நேரத்தில் வயிற்றில் இருக்கலாம், ஒவ்வொன்றும் இரண்டு அளவையும் தனக்கேற்றபடி உயர்த்தும். ஆகவே இங்கே சாப்பாடு சண்டைக்குப் போகுமுன் அணியும் கவசம் மாதிரி. வீட்டில் உட்கார்ந்து பெட்டியை அடுக்கும்போது சாப்பிடத் தேவையே இல்லை. அப்போது போய் நல்ல உணவை வீணாக்காதீர்கள்.

11 | 9.3.2025, பகல் 12.15

நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா செம்பு சுமக்குற வேலையை ஏன் சொல்லல? அங்கதான் பாதிப் பேர் விட்டுட்டுப் போறாங்க.

12 | 9.3.2025, மாலை 5.40

உண்மை. 2-இல் பசியைக் குற்றம் சொன்னேன், 4-இல் அதை மாற்றினேன். இப்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்த வகை கேம்களில் ஆளை விரட்டுவது பசியைவிடச் சுமைதான். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவருவது, வந்ததைப் பெட்டியில் பிரிப்பது, பிரித்ததைத் திரும்பத் தேடுவது.

வால்ஹைமில் இதன் கணக்கு இது. பையில் 32 கட்டம் இருந்தாலும் தடுப்பது எடை. வரம்பு 300. செம்புத் தாது ஒன்று 10. ஆகவே 30 தாது எடுத்தால் வேறு எதுவும் இல்லாமலே வரம்பு முடிந்தது, கையில் ஆயுதமும் உடம்பில் கவசமும் இருந்தால் 30-கூட வராது. வெண்கலம் 1 செய்ய செம்பு 2, தகரம் 1. வெண்கல பிக்காக்ஸுக்கு வெண்கலம் 10, கோர் மரம் 3. அதாவது செம்பு 20, தகரம் 10, மொத்தம் 30 தாது உருக்க வேண்டும். உலையில் தாது ஒன்றுக்கு 2 கரி, 30 விநாடி. ஆக 60 கரி, 15 நிமிடம். கரிச் சூளையில் மரம் ஒன்றுக்குக் கரி ஒன்று, ஆகவே 60 மரம். இந்த எண்ணை முன்பே தெரிந்துகொண்டு போனால் ஒரே பயணம். தெரியாமல் போனால் நான்கு பயணம், நடுவில் ஒரு டிரோல் (காட்டு ராட்சதன்).

சுமையைக் குறைக்கும் வழி, வீட்டைத் தாதுவிடம் கொண்டுபோவது. உலைக்குக் கல் 20, சர்ட்லிங் கோர் 5. சூளைக்கும் அதே அளவு. கோர்கள் கறுப்புக் காட்டின் புதைகுழிகளில் இருக்கும், 10 சேரும் வரை இரண்டு மூன்று குழி இறங்கி ஏற வேண்டும். ஃபோர்ஜுக்கு (கொல்லன் பட்டறைக்கு) கல் 4, கரி 4, மரம் 10, செம்பு 6. இந்த மூன்றையும் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே கட்டி, அங்கேயே உருக்கி, கருவியை அங்கேயே செய்துவிடுங்கள். தாதுவும் கட்டியும்தான் போர்ட்டலில் (நொடியில் இடம் மாற்றும் வாசலில்) போகாது, செய்து முடித்த பிக்காக்ஸ் போகும். வேலை முடிந்ததும் சுத்தியலால் கலைத்தால் கட்டுமானப் பொருள் முழுவதும் திரும்பக் கிடைக்கும், கோர்கள் உட்பட. ஃபோர்ஜின் 6 செம்பை மட்டும் அங்கேயே ஒரு பெட்டியில் விட்டுவிட வேண்டும்.

போர்ட்டல் ஒன்றுக்கு ஃபைன் மரம் 20, கிரேட்வார்ஃப் கண் 10, கோர் 2. ஜோடியாகத்தான் பயன்படும் என்பதால் எல்லாமே இரட்டிப்பு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க வேண்டும்.

13 | 9.3.2025, மாலை 6.05

12-க்குத் திருத்தம். 2023 ஆகஸ்டுல ஹில்டிர்ஸ் ரிக்வெஸ்ட் அப்டேட்டோட வேர்ல்டு மாடிஃபயர் (உலகத்தோட விதிகளை மாத்துற வசதி) வந்தது. அதுல போர்ட்டல் வரியை கேஷுவல்ல வச்சா தாது, கட்டி எல்லாமே போர்ட்டல்ல போகும். ரிசோர்ஸ் அளவை 1.5, 2, 3 மடங்குன்னு கூட்டலாம். ரெய்டை (எதிரிகள் கூட்டமா வந்து வீட்டைத் தாக்குறதை) நிறுத்தலாம். ஏற்கெனவே ஆடிக்கிட்டிருக்குற உலகத்துலயும் மாத்தலாம், புதுசா தொடங்க வேண்டியதில்ல.

14 | 9.3.2025, இரவு 9.20

13 சொல்வது சரி. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தளர்த்த வேண்டாம் என்பேன். ரிசோர்ஸை 1.5 அல்லது 2 மடங்காக்குவது நல்லது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதை அது நேராகக் குறைக்கிறது. 3 மடங்கில் பெட்டிகள் வழிந்து, பிரிக்கும் வேலைதான் கூடும். போர்ட்டலைத் தளர்த்துவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. தாது போர்ட்டலில் போகாததால்தான் படகு என்ற ஒன்று தேவைப்படுகிறது. கார்வி என்ற சிறிய படகுக்கு ஃபைன் மரம் 30, மான் தோல் 10, பிசின் 20, வெண்கல ஆணி 80. ஒரு வெண்கலம் 20 ஆணி தரும், ஆகவே 4 வெண்கலம்தான் செலவு. 4 கட்டம், கட்டத்துக்கு 30 தாது. 120 தாதுவை ஏற்றிக்கொண்டு, காற்று எதிர்த்து அடிக்கும்போது பாயைச் சுருட்டித் துடுப்புப் போட்டு, இருட்டுவதற்குள் வீட்டு விளக்கைத் தேடிக் கரை சேர்வது அந்தக் கேமின் மிக அழகான நேரங்களில் ஒன்று. சுமையே பயணமாக மாறும் இடம் அது. போர்ட்டலைத் திறந்துவிட்டால் அது நடக்கவே நடக்காது.

முதல் படகுப் பயணம் முடியும் வரை போர்ட்டலைத் தொடாதீர்கள். பிறகு சலித்தால் திறந்துகொள்ளுங்கள்.

15 | 10.3.2025, காலை 8.00

மைன்கிராஃப்ட்ல கதவே கிடையாதே? கோடிக்கணக்குல ஆடுறாங்க.

16 | 10.3.2025, காலை 9.45

இருக்கு, வெளியே தெரியாது. நெதர்ங்கற இன்னொரு உலகத்துக்குப் போற வாசல்தான் கதவு. அப்சிடியன்ங்கற கடினமான கல்லுல ஒரு சட்டம், மூலை இல்லாம 10 கட்டி போதும், மூலையோட 14. அப்சிடியனை வெட்ட டைமண்ட் பிக்காக்ஸ் வேணும், அதுலயும் ஒரு கட்டிக்கு 9 விநாடிக்கு மேல ஆகும். டைமண்டுக்கு 1.18 பதிப்புலேர்ந்து ஒய் (உயர அளவு) -59 பக்கம் நல்ல இடம். ஆனா -55-லிருந்து கீழ குகைகள்ல லாவா நிக்கும். நேரா கீழ தோண்டாதீங்க.

17 | 10.3.2025, காலை 10.10

டைமண்ட் இல்லாமலும் முடியும். நின்றுகொண்டிருக்கும் லாவா மேல் தண்ணீர் பட்டால் அது அங்கேயே அப்சிடியன் ஆகிவிடும். மண்ணாலோ கல்லாலோ வாசல் வடிவத்துக்கு அச்சுக் கட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாளி லாவா ஊற்றி, பக்கத்தில் தண்ணீர் படவிட்டு, 10 கட்டியையும் வார்த்துவிடலாம். வாளிக்கு இரும்பு 3, தீமூட்டிக்கு இரும்பு 1, ஃபிளின்ட் 1. இரண்டு வாளி இருந்தால் வேலை வேகமாகும், அப்போதும் 7 இரும்புதான். இரும்புக்கு ஒய் 16 பக்கம் தோண்டலாம்.

இதில் தவறுவது வரிசை. ஓடும் லாவாவின் மேல் தண்ணீர் பட்டால் கிடைப்பது அப்சிடியன் இல்லை, வெறும் கற்கட்டி. லாவா மூலக் கட்டியாக நின்றபின்தான் தண்ணீர்.

ஆனாலும் 15 கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்த வாசல் ஒன்று இருக்கிறது என்பதையே கேம் கையைப் பிடித்துச் சொல்வதில்லை. யாராவது சொன்னால் தெரியும். சொல்ல ஆள் இல்லாதவர்தான் மூன்று மணி நேரம் மண்வீடு கட்டிவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று மூடிவைக்கிறார். அது அவர் குறை அல்ல.

18 | 10.3.2025, மாலை 4.30

சுமையைப் பத்தி 12-ல சொன்னதுக்கு ஒரு பின்னிணைப்பு. என்ஷ்ரவுடட்ங்கற கேம்ல மேஜிக் செஸ்ட் (மாயப் பெட்டி) செஞ்சு வச்சா, பேஸ்ல எங்க நின்னு கிராஃப்ட் பண்ணினாலும் அந்தப் பெட்டிகள்லேர்ந்து பொருளைத் தானா எடுத்துக்கும். சாதாரணப் பெட்டில வச்சா எடுக்காது, இது தெரியாம பலர் கைல தூக்கிட்டுத் திரியுறாங்க. கிரவுண்டட்ங்கற கேம்லயும் பக்கத்துப் பெட்டிகள்லேர்ந்து எடுத்துக்கும். சிலந்தியைப் பார்த்தாலே நடுங்குறவங்களுக்கு கிரவுண்டட்ல தனி ஸ்லைடர் இருக்கு. படிப்படியா காலைக் குறைச்சு, பல்லை எடுத்து, கடைசில வெறும் உருண்டையா மாத்திடும்.

19 | 10.3.2025, இரவு 7.15

சாவு பற்றி யாரும் பேசவில்லை. ஒதுங்குபவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் காரணம்.

மைன்கிராஃப்டில் இறந்த இடத்தில் எல்லாம் கொட்டும், அந்தப் பகுதி லோடாகி 5 நிமிடம் ஓடியதும் மறையும். கீப் இன்வென்ட்டரி விதியை ஆன் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. வால்ஹைமில் கல்லறை ஒன்று நிற்கும், நீங்கள் போய் எடுக்கும் வரை காத்திருக்கும். ஆனால் திறமை எல்லாம் 5 சதவீதம் குறையும். இறந்தபின் கிடைக்கும் 10 நிமிடப் பாதுகாப்பில் மறுபடி இறந்தால் மேலும் குறையாது. ஆகவே அந்த 10 நிமிடத்துக்குள் கல்லறைக்கு ஓடிவிடுவது நல்லது, பின்னால் போனால் அதே இடத்தில் இரண்டாம் முறையும் இழக்க நேரும். என்ஷ்ரவுடடில் ஆயுதமும் கவசமும் உங்களிடமே இருக்கும், பொறுக்கிய பொருள்தான் கல்லறையில் விழும். சப்நாட்டிகாவில் கடைசியாகத் தளத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ வெளியே வந்தபின் பொறுக்கியவைதான் ஆபத்தில். அதனால் அரிய பொருள் கிடைத்தால் சீமாத்துக்குள் ஒருமுறை ஏறி இறங்குவது நல்ல பழக்கம்.

ரஸ்ட் என்ற கேம் வேறு உலகம். நீங்கள் தூங்கும்போதும் மற்றவர்கள் உங்கள் கதவை உடைப்பார்கள், மாதத்தின் முதல் வியாழக்கிழமை அப்டேட்டோடு சர்வர் மேப் துடைக்கப்படும். அதை விரும்புபவர்கள் அதற்காகவே விரும்புகிறார்கள். இந்த இழையில் கேட்கப்பட்ட கேள்விக்கு அது பதில் அல்ல.

20 | 11.3.2025, காலை 9.05

திசை மாறுது, ஆனா சொல்லியே ஆகணும். சாட்டிஸ்ஃபாக்டரி, ஃபேக்டரி கட்டுற கேம். 2024 செப்டம்பர் 10 அன்னிக்கு 1.0 (முழுப் பதிப்பு) வந்தது. பொறுக்குறதே பிடிக்காதவங்களுக்கு இது மருந்து, ஏன்னா கேமோட வேலையே பொறுக்குறதை இயந்திரத்துக்குக் கொடுக்குறது.

சின்னக் கணக்கு ஒண்ணு. ரீஇன்ஃபோர்ஸ்டு பிளேட் நிமிஷத்துக்கு 5 வேணும்னா ஒரு அசெம்பிளருக்கு (பாகங்களைச் சேர்க்குற இயந்திரம்) இரும்புத் தகடு 30, ஸ்க்ரூ 60. தகடு செய்யுற இயந்திரமான கன்ஸ்ட்ரக்டர் ஒண்ணு நிமிஷத்துக்கு 20 தரும், ஆக ஒன்றரை கன்ஸ்ட்ரக்டர், 45 இங்காட். ஸ்க்ரூ கன்ஸ்ட்ரக்டர் 40 தரும், அதுவும் ஒன்றரை. அதுக்கு 15 கம்பி, ஒரு கன்ஸ்ட்ரக்டர், 15 இங்காட். மொத்தம் 60 இங்காட், 2 ஸ்மெல்ட்டர், 60 தாது. நார்மல் நோடுல (தாது கிடைக்குற இடம்) முதல் வகை மைனர் ஒண்ணு சரியா 60 தான் தரும். முதல் வகை பெல்ட் தாங்குறதும் 60 தான். எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி உட்காரும்.

ஒன்றரை கன்ஸ்ட்ரக்டர்னா ரெண்டு வச்சுட்டு ஸ்பிளிட்டர்ல பிரிச்சு விடுங்க. ரெண்டாவது பாதி நேரம் சும்மா நிக்கும், அதனால ஒண்ணும் நஷ்டமில்ல. கலைச்சா போட்ட பொருள் முழுசும் திரும்ப வரும், அதனால தப்பா கட்டிடுவோமோன்னு பயப்பட வேண்டாம்.

21 | 11.3.2025, காலை 9.50

20-இல் கடைசியாகச் சொன்னதைத் தனியாக எடுத்துக் காட்ட விரும்புகிறேன். கலைத்தால் முழுதும் திரும்ப வருவது சாட்டிஸ்ஃபாக்டரி, வால்ஹைம், சப்நாட்டிகா தளம் மூன்றிலும் இருக்கிறது. கட்டுவது பிடிக்காது என்று சொல்பவர்களில் பலருக்கு நிஜத்தில் பிடிக்காதது, தப்பாகக் கட்டிவிட்டால் பொருள் போய்விடுமே என்ற கவலை. அது இல்லாதபோது அவர்கள் கையும் தளர்ந்து வேலை செய்யும்.

6-இல் ஒரு கேள்வி வைத்தேன். அதோடு இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன்: எடுத்ததைச் சுமக்க வழி இருக்கிறதா? தப்பாகச் செய்தால் திரும்ப வருமா? டோன்ட் ஸ்டார்வ் முதல் கேள்வியிலேயே எனக்குத் தடுக்கிறது, அதில் குளிர்காலத்தைத் தாங்கத்தான் செய்கிறோம். தெர்மல் ஸ்டோனுக்குக் கல் 10, பிக்காக்ஸ் 1, ஃபிளின்ட் 3 சேர்த்துச் செய்தால் புது இடம் திறக்காது, இருக்கும் இடத்தில் உறையாமல் நிற்கலாம். நன்றாகச் செய்யப்பட்ட கேம்தான். தாக்குப்பிடிப்பதில் இன்பம் காண்பவர்களுக்கு ஆனது.

22 | 11.3.2025, மாலை 6.30

வால்ஹைம் தொடங்கிட்டேன். ரிசோர்ஸ் 1.5, மத்தது எல்லாம் அப்படியே. ஐக்தைர் முடிஞ்சது, கொம்பு பிக்காக்ஸ் கைல இருக்கு. செம்புப் பாறை ஒண்ணு கண்ணுல பட்டது, மேல கொத்திக்கிட்டே இருக்கேன், கல்லுதான் நிறைய வருது.

23 | 11.3.2025, இரவு 7.10

மேலிருந்து கொத்தாதீர்கள். தரைக்கு மேல் தெரிவது பாறையின் நுனிதான், பெரும்பகுதி மண்ணுக்கடியில். முதலில் பக்கத்தில் 10 மரத்தில் ஒரு வொர்க்பெஞ்ச் வைத்து, இரண்டு சுவர், கூரை போடுங்கள். பிக்காக்ஸ் தேய்ந்தால் அங்கேயே செலவில்லாமல் சரிசெய்யலாம், அதைச் சுற்றி 20 மீட்டருக்குள் புது எதிரிகள் முளைப்பதும் நிற்கும். நடந்து வருபவை வரும், அது வேறு.

பிறகு பாறையைச் சுற்றி ஓர் ஆள் இறங்கும் அகலத்துக்கு அகழி வெட்டுங்கள். பாறையின் ஓரம் உள்நோக்கி வளையும் ஆழம் வரை இறங்கி, அங்கிருந்து அடியைக் குடைந்துகொண்டே போங்கள். மண்ணைத் தொடும் கடைசி ஒட்டு விடுபட்டதும், அடுத்த ஒரு கொத்தில் மிச்சப் பாறை முழுவதும் மொத்தமாக நொறுங்கிக் கொட்டும். பை நிறைந்திருந்தால் தாது தரையிலேயே கிடக்கும். அதனால் கடைசிக் கொத்துக்கு முன் கல்லை எல்லாம் அகழிக்கு வெளியே ஒரு பெட்டியில் இறக்கிவிட்டு வாருங்கள், உலைக்கும் சூளைக்கும் 40 கல் அதிலிருந்தே ஆகும்.

24 | 11.3.2025, இரவு 7.25

டிரோல் வந்தா அடிக்க வேண்டாம், பாறைக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. அவன் வீசுற அடி பாறை மேல விழுந்தா அதுவும் உடையும்.

25 | 11.3.2025, இரவு 10.40

விழுந்துச்சு. மொத்தமும். பை கொள்ளல, பாதி அகழியிலேயே கிடக்கு. வண்டி செய்ய என்ன வேணும்?

26 | 11.3.2025, இரவு 10.52

மரம் 20, வெண்கல ஆணி 10. ஆணிக்கு ஒரு வெண்கலம் போதும், 20 வரும். உலையை அகழி பக்கத்திலேயே கட்டிவிடுங்கள், முதல் வெண்கலம் வண்டிக்கு. வீடு வரை பாதையை மண்வெட்டியால் சமன்செய்துவிட்டு இழுங்கள். அடிமரக்கட்டையில் சக்கரம் மாட்டினால் எடுப்பது சிரமம், கட்டையை வெட்டிவிடுங்கள்.